தெற்கு யன்னல்

ஊரில் தடி ஊன்றுவதை யாரும் ஒரு வேலையாகக் கணக்கெடுப்பதில்லை. ஐப்பசி மழை விழுந்ததும் செவ்வரத்தையில் ஒரு கொப்பை முறித்துக் கிணற்றடியில் குத்திவிட்டுப் போவார்கள். சில வாரங்களில் தளிர் வந்திருக்கும். 'கைராசி' என்பார்கள். 'தானாகவே வந்தது' என்பார்கள். ரொறன்ரோவில் பதினான்கு குளிர்காலங்களை அடுக்குமாடி வீட்டுக்குள் செடிகளோடு கழித்திருக்கிறேன். அந்த இரண்டு சொற்களையும் இப்போது என்னால் நம்ப முடிவதில்லை.

இங்கே டிசெம்பர் கடைசியில் பகல் ஒன்பது மணிநேரம்கூட இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே ஏறத்தாழப் பதினொன்றரை மணிநேரம் இருக்கும். இங்கு சூரியன் உச்சிக்கு வருவதில்லை. தெற்கு வானத்தில் தாழ்வாக நடந்து, மாலை ஐந்து மணிக்கு முன்பே போய்விடும். இரவில் யன்னல் கண்ணாடி தொடமுடியாதபடி குளிரும். வாடகை வீடுகளுக்குக் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை செல்சியஸ் வெப்பம் கொடுக்கவேண்டும் என்பது நகரச் சட்டம். அந்த வெப்பம் வறண்ட வெப்பம். உதடு வெடிக்கும், குதிக்கால் வெடிக்கும், இலைகளின் விளிம்பு பழுப்பாகிக் காயும்.

இந்தப் பருவத்தில் ஏன் தடி வெட்டவேண்டும் என்று கேட்கலாம். இடம்தான் காரணம். கோடையில் பல்கனியில் வளர்ந்த செடிகள் முதல் உறைபனியிலேயே கருகிவிடும். பத்துச் சாடிகளையும் உள்ளே எடுத்துவர ஓர் அறை வீட்டில் இடமில்லை. எனவே ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை வெட்டிப் போத்தலில் வைத்துவிட்டு, தாய்ச்செடியைப் பனிக்கு விட்டுவிடுகிறோம். வசந்தம் வரும்வரை ஒரு செடி முழுவதும் ஒரு விரல் நீளத் தண்டுக்குள் இருக்கும்.

செய்முறை எளிது. கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்டவேண்டும். தண்ணீருக்குள் அமிழும் இலைகளைக் கழற்றிவிடவேண்டும், இல்லாவிட்டால் அழுகும். மேலே இரண்டு இலை போதும். இலை நீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் குடிக்க வேர் கிடையாது. அதனால் இலை கூடினால் தண்டு வாடிவிடும். வெட்டுப்பட்டபின் தண்டின் நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி கீழிறங்கி வந்து, மேற்கொண்டு போக வழியில்லாமல் வெட்டுவாயின் அருகே சேர்கிறது. அதுவரை தண்டாக இருந்த கலங்களில் சில அங்கே வேராக மாறத் தொடங்குகின்றன. கோடையில் மூன்று வாரத்தில் நடப்பது இங்கே தை மாதத்தில் ஆறு, ஏழு வாரம் எடுக்கும். அத்தனை நாளும் வெளியே எதுவும் தெரியாது. நீங்கள் செய்வதெல்லாம் தண்ணீர் மாற்றுவதும், இரவில் போத்தலைக் கண்ணாடியிலிருந்து தள்ளி வைப்பதும், காலையில் மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுபோவதும்தான்.

மாரிமழை ஊரில் இலவசமாகச் செய்து தந்ததை இங்கே கையால் செய்யவேண்டியிருக்கிறது. ஈரம், சூடு, ஒளி, நேரம் எல்லாவற்றையும் யாரோ ஒருவர் தினமும் கொடுத்தால்தான் வேர் வரும். 'தானாக' என்ற சொல்லுக்குள் எவ்வளவு வேலை ஒளிந்திருந்தது என்பதைக் குளிர் நாடு எனக்குக் காட்டியது.

பெண்ணை நாற்றுக்கு ஒப்பிடும் உவமையை நம்மில் கேட்காதவர் இருக்கமாட்டோம். பிறந்த வீடு நாற்றங்கால், புகுந்த வீடு வயல். கலியாண வாழ்த்துரைகளிலும் பட்டிமன்றங்களிலும் மேடைக் கவிதைகளிலும் அது சலிக்காமல் வரும். வகுப்பில் உவமை நடத்தும்போது இதையே எடுத்துக்கொண்டு, 'இந்த உவமையில் யார் யார் இல்லை?' என்று மாணவிகளைக் கேட்பேன். முதலில் கண்டுபிடிப்பது பிடுங்கியவரை. நாற்று தானாக எழுந்து வயலுக்குப் போகவில்லை. பிறகு தண்ணீர் பாய்ச்சியவரை. தமிழகத்திலிருந்து வந்த ஒரு மாணவி இன்னொன்றைச் சொன்னாள்: "நாற்றுப் பறிக்கிறதும் நடுறதும் பெரும்பாலும் பொம்பளைங்கதானே மேடம், அவங்களையும் காணோம்." பெண்ணைப் பற்றிச் சொல்ல வந்த உவமை, வயலில் குனிந்து நின்ற பெண்களையே மறைத்துவிட்டது.

புலம்பெயர்ந்தவர்களைப் பற்றிப் பேசும்போதும் இதே வழக்கம். 'வேரோடு பிடுங்கப்பட்டோம்', 'இங்கே வேரூன்றிவிட்டோம்' என்கிறோம். வெட்டிய துண்டுக்குப் பழைய வேர் ஒன்றும் கூட வருவதில்லை. அதற்கு வருவது புது வேர். வேர் பிறக்கவேண்டிய இடமல்லாத இடத்திலிருந்து பிறப்பதால் பாடநூல்கள் அதை வேற்றிட வேர் என்கின்றன. அது வருமா வராதா என்பது துண்டின் குணத்தில் மட்டும் தங்கியில்லை. அழுகிய துண்டைப் பார்த்து 'இதற்கு ஒட்டிக்கொள்ளத் தெரியவில்லை' என்று யாரும் குறை சொல்வதில்லை. புதிதாக வந்த மருமகளைப் பார்த்துச் சொல்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் தடி ஊன்றுவதற்கு இரண்டு மரபுகள் இருந்தன. ஒன்று வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் தடிகளைக் கதியாலாக வெட்டி எல்லை நெடுகிலும் நடுவார்கள். அவை வேர்விட்டுத் துளிர்த்து உயிர்வேலி ஆகும். அது பெரும்பாலும் ஆண்களின் காரியம். ஒரு சாண் தள்ளி நட்ட கதியாலுக்காக நீதிமன்றம் ஏறிய குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. மற்றது, அந்த வேலியில் இருந்த பொட்டு. ஆள் குனிந்து நுழையும் அளவில் வேலியில் விட்ட இடைவெளி. பெண்கள் ரோட்டுக்குப் போகாமல் அடுத்த வளவுக்குப் போய்வந்த வழி அதுதான். மல்லிகைத் தடியும் குரோட்டன் தடியும் கற்பூரவள்ளியும் அதன் வழியே கைமாறின. தடி வேர்விடும் என்ற ஒரே இயற்கையை வைத்து ஒரு கை எல்லை போட்டது, இன்னொரு கை எல்லையைத் தாண்டிக் கொடுத்தது.

இதில் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. யாழ்ப்பாணப் பெண்ணுக்குச் சீதனமாகக் காணி கிடைக்கும். ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், 1911ஆம் ஆண்டின் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அசையும் சொத்துக்கு அந்தச் சம்மதம் தேவையில்லை. மண்ணில் நிற்கும் மரம் அசையாச் சொத்து. முறித்த தடி அசையும் சொத்து. எங்கள் அம்மாமார் கையெழுத்துக் கேட்காமல் கொடுக்கக்கூடியதாக இருந்தவற்றுள் இந்தத் தடியும் ஒன்று.

ஆனால் பொட்டைப் பெருமையாக மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. அது எல்லாப் பெண்களுக்கும் திறந்திருக்கவில்லை. சொந்தக்காரருக்கும் சொந்தச் சாதிக்காரருக்கும் திறந்திருந்தது. வேலைக்கு வந்த பெண்கள் பின்வளவில் நின்றார்கள். அவர்களுக்கும் தடி கொடுத்திருப்பார்கள். எப்படிக் கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

மணி பிளான்ற் இல்லாத தமிழ் வீட்டை ஸ்காபரோவில் நான் கண்டதில்லை. திருடி வைத்தால்தான் வளரும் என்று அதற்கொரு நம்பிக்கை உண்டு. பசிபிக்கில் மோரேயா என்ற தீவைச் சேர்ந்த கொடி அது. வீட்டில் வளர்க்கும் மணி பிளான்ற் பூப்பதே இல்லை என்று சொல்லலாம். தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964இல். பூப்பதற்கு வேண்டிய ஓர் ஊக்கியை உண்டாக்கும் மரபணு அதில் சரியாக வேலை செய்வதில்லை என்று 2016இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பூ இல்லையென்றால் விதை இல்லை. உங்கள் வீட்டில் தொங்குவதும் என் வீட்டில் தொங்குவதும் யாரோ வெட்டி யாரிடமோ கொடுத்து வந்தவை. அந்தச் செடி உலகம் முழுக்கப் பரவியது கைகளால். பணத்தின் பெயரைக் கொண்ட ஒரு செடி, கையில் பணமில்லாத பெண்கள் ஒருவருக்கொருவர் இலகுவாகக் கொடுக்கக்கூடிய பொருளாக இருக்கிறது.

எங்கள் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்த மாமி அப்படிக் கொடுத்தவர்களில் ஒருவர். எழுபத்திரண்டு வயது. மகன் ஸ்பொன்சர் செய்து அழைத்தவர். ஒன்ராறியோவில் பெற்றோரை அழைப்பவர் இருபது ஆண்டுகளுக்கு அவர்களின் செலவுக்குப் பொறுப்பு என்று கையெழுத்துப் போடவேண்டும். முதியோர் ஓய்வூதியம் பெறவேண்டுமானால் பத்து ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்திருக்கவேண்டும். மாமி வந்து அப்போது ஆறு ஆண்டுகள். ஊரில் கணவனின் கையெழுத்து, இங்கே மகனின் கையெழுத்து. இரண்டு பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதும் சமைப்பதும் அவருடைய வேலை. மருமகள் கெட்டவள் இல்லை. முதியோர் இல்லத்தில் பகல் முழுக்க வேறு யாருடையவோ தாய்மாரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, படுக்கை மாற்றிவிட்டு வருபவளுக்கு வீட்டில் வாய் திறக்கவும் தெம்பிருக்காது. அந்த மருமகள் வாங்கி வைத்த நீண்ட கூரிய இலைச் செடி ஒன்று வாசலில் நின்றது. ஆங்கிலத்தில் அதற்கு 'மாமியார் நாக்கு' என்று பெயர் இருப்பதை நான் சொன்னபோது மாமி சிரித்தார்.

"உது தண்ணி கேளாத செடி, பிள்ளை. மாமியெண்டு பேர் வைச்சது சரிதான்."

அவருடைய செல்வம் ஒரு வெற்றிலைக்கொடி. வெற்றிலைக்கு ஒவ்வொரு கணுவிலும் வேர்விடும் சுபாவம் உண்டு, ஆனால் குளிர் ஆகாது. நெஸ்கபே போத்தல்களில் துண்டுகளை வைத்து, இரவில் பிரிட்ஜின் மேல் ஏற்றுவார். அங்கேதான் கொஞ்சம் சூடு. காலையில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, எல்லாப் போத்தலையும் யன்னலுக்கு இறக்குவார். "நாலு கணு இருக்கவேணும். ரண்டு தண்ணிக்குள்ள, ரண்டு வெளியில" என்பது அவர் கணக்கு. கட்டடத்தில் உள்ள தமிழ்ப் பெண்களுக்கெல்லாம் துண்டு கொடுத்தார். கொடுக்கும்போது கூடவே ஒரு கேள்வி வரும்: "ஊரில எவடம்?"

யாழ்ப்பாணத்தாருக்கு அந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அது ஊரைக் கேட்கும் கேள்வி அல்ல. ஊரையும், ஊருக்குள் எந்தப் பக்கம் என்பதையும் அறிந்தால் சாதியை அறியலாம். கடவுச்சீட்டு மாறினாலும் இந்தக் கேள்வி மாறவில்லை.

மூன்றாம் மாடியில் ஒரு பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், பேக்கரியில் இரவு வேலை. உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒருநாள் மாமி அவளுக்கு ஒரு துண்டு கொடுக்கப் போனார். எவடம் என்று கேட்டார். அவள் தயங்காமல் சொன்னாள். "ஓ" என்றார் மாமி. கையில் இருந்த போத்தலை மெஷினின் மேல் வைத்தார். "எடும்" என்றார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலிப் பொட்டுக்கு அப்பால் நின்றவர்களுக்குத் தடி எப்படிக் கொடுக்கப்பட்டிருக்கும் என்ற கேள்விக்கு அந்த மெஷினின் மேல் பதில் இருந்தது. அவள் போத்தலை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

அதற்கடுத்த தை மாதம் மாமியை ஒட்டாவாவில் இருக்கும் இளைய மகன் வீட்டுக்கு அனுப்ப முடிவாயிற்று. அங்கே புதிதாகக் குழந்தை பிறந்திருந்தது. அண்ணனும் தம்பியும் தொலைபேசியில் கதைத்து முடிவெடுத்தார்கள். மாமிக்குச் சொன்னது கடைசியில். இரண்டு சூட்கேஸ்களில் அவருடைய உடைமை அடங்கிவிட்டது. கொடி அடங்கவில்லை. வெளியே மைனஸ் பதினெட்டு. காருக்குக் கொண்டுபோகும் அந்த ஐந்து நிமிடமே வெற்றிலைக்குப் போதும், கறுத்துவிடும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு கொடி முழுவதையும் மாமி பதினொரு துண்டுகளாக வெட்டினார். என்னிடம்தான் தரப்போகிறார் என்று எண்ணிப் போத்தல்களை அடுக்க உதவினேன்.

"உம்மட யன்னல் வடக்கு. உமக்குத் தந்தால் அழுகிப்போம்" என்றார். பிறகு கொஞ்சநேரம் பேசாமல் நின்றார். "கீழ இருக்கிற அந்தப் பிள்ளையின்ர யன்னல் தெற்கு. பகலில வீட்டிலயும் நிக்கிறாள்."

இருவருமாகப் போத்தல்களை மீன் பெட்டி ஒன்றில் வைத்துத் தூக்கிக்கொண்டு லிப்டில் இறங்கினோம். அவள் நித்திரையிலிருந்து எழும்பி வந்து கதவைத் திறந்தாள். மாமி விஷயத்தைச் சொன்னார். தண்ணீர் எத்தனை நாளுக்கொருக்கா மாற்றவேண்டும், இரவில் எங்கே வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்தினார்.

"உள்ள வரட்டோ? யன்னலைப் பாக்கவேணும்."

அவள் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ" என்றாள்.

உள்ளே, அந்த யன்னல் ஓரத்தில், மெஷினின் மேல் இருந்து அவள் எடுத்துப்போன துண்டு ஒரு சாடியில் முழங்கை உயரத்துக்கு வளர்ந்திருந்தது. மாமி அதன் இலையைப் புரட்டிப் பார்த்தார். "நல்லா வைச்சிருக்கிறீர்" என்றார். பதினொரு போத்தலையும் ஒவ்வொன்றாக எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

இதைச் சாதி கரைந்த கதையாக எழுத எனக்கு விருப்பமில்லை. மாமி மாறினாரா என்பதற்குச் சாட்சி சொல்ல ஒரு பிற்பகல் போதாது. அங்கே நடந்ததை மட்டும் சொல்கிறேன். கொடிக்கு ஒளி வேண்டியிருந்தது. ஒளி அவள் வீட்டில் இருந்தது. வாழ்நாளெல்லாம் கொடுப்பவராக நின்ற ஒருவர் அதற்காக அவள் வாசலில் அனுமதி கேட்கவேண்டி வந்தது. அவள் அனுமதிக்கவும் செய்தாள், செருப்பையும் கழற்றச் சொன்னாள். இரண்டும் அவளுடைய உரிமை.

பங்குனிக்குள் பதினொன்றில் ஏழு வேர்விட்டன. தண்ணீரில் வந்த வேர் மண்ணுக்குப் பழக்கமில்லாதது. சாடிக்கு மாற்றிய முதல் இரண்டு வாரம் மண் காயாமல் பார்க்கவேண்டும், மேலே ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்து ஈரத்தைக் காக்கவேண்டும். இரவு வேலை முடித்து வந்து, தூங்குவதற்கு முன்பு அவள் அதைச் செய்தாள். அதுவும் யாருடைய கணக்கிலும் வராத உழைப்பு.

என் வகுப்புக்குக் கலியாணம் முடித்து வந்து சேர்ந்த பெண்கள் வருவதுண்டு. நான் கற்பிப்பது நான்கு மாத ஒப்பந்தத்தில். டிசெம்பரில் முடியும், தையில் புதுப்பிக்கப்படலாம். எனவே அவர்களுக்கு வாழ்க்கைப் பாடம் நடத்தும் உறுதியான இடத்தில் நானும் இல்லை. ஆனாலும், "எப்படி, இந்த நாடு பழகிவிட்டதா?" என்று மற்றவர்கள் கேட்கும்போது, எனக்கு வேறு கேள்விகள் வருகின்றன. வீட்டுத் திறப்பு உன்னிடம் ஒன்று இருக்கிறதா? வங்கிக் கணக்கு உன் பெயரில் இருக்கிறதா? பஸ்ஸுக்கு யாரிடம் காசு கேட்கிறாய்? ஒரு நாளில் உனக்கென்று எத்தனை மணிநேரம்? பழகினாயா என்று கேட்பது துண்டைச் சோதிப்பது. இந்தக் கேள்விகள் யன்னலைச் சோதிப்பவை. ஒருத்தி வாடிப்போய் இருக்கிறாள் என்றால் முதலில் யன்னலைத்தான் பார்க்கவேண்டும்.

மாமியோடு தொலைபேசியில் கதைக்கும்போது ஒட்டாவா வீட்டில் அவருடைய அறை எந்தப் பக்கம் பார்த்தது என்று கேட்டேன்.

"பேஸ்மென்ற், பிள்ளை. யன்னல் மேல கிடக்கு. பனி மூடிப்போட்டுது."

செடிக்கென்று விற்கும் சின்ன லைற்றுகளைப் பற்றிச் சொன்னேன். தெரியும் என்றார். வைகாசியில் குளிர் விட்டதும் மூன்றாம் மாடிப் பிள்ளையிடம் ஒரு துண்டு கேட்டுவைக்கச் சொன்னார். "தருவாளோ எண்டு கேளும்" என்றார். லைற் வாங்கித் தரச்சொல்லி மகனிடம் சொல்லியிருக்கிறாராம்.

"வாங்கித் தந்தவரோ, மாமி?"

"கேட்டனான்" என்றார்.